பார்க்க முடியும், பார்ப்பதில்லை

என் மாமாவின் சலூனில் டி.வி. பின்சுவரில் இருக்கிறது. நாற்காலிகள் முன்சுவரைப் பார்த்துப் போட்டிருப்பதால், உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். பந்து விளையாடுகிறவர்கள் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். இடதுகைக்காரர் வலதுகைக்காரர் ஆகிவிடுவார். திரையில் வரும் எழுத்தெல்லாம் புரண்டு கிடக்கும். யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. எதிரே ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் தலை அசையாமல் இருக்கும் என்பது மாமாவின் கணக்கு.

தலை அசையாமல் இருப்பது அந்தக் கடையில் பெரிய விஷயம். யார் என்ன பேசினாலும் நடுவில் "அசையாதீங்க" என்பார் மாமா. வாடகை வீட்டைப் பற்றிப் பேசினாலும், மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாலும் அதே சொல்தான். அதனால் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "அசையாதீங்க கடை திறந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அத்தைக்குக் கோபம் வந்தால், "ஒரு வேலை சொன்னா உக்காந்த எடத்த விட்டு அசையறாரா பாரு, பேருக்கேத்த மனுஷன்" என்பாள்.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று மாமாவுக்கு. இன்னொன்று அவரைவிட இருபது வயது இளையவரான கூட்டாளிக்கு. அவர் வாய் மூடுவதில்லை என்பதால் ரேடியோ என்று அழைக்கப்படுகிறார். முடிவெட்ட எந்த நாற்காலியிலும் உட்காருவார்கள். சவரம் என்றால் மட்டும் மாமாதான். நீளக் கத்தியால் சவரம் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. மாமா நுரை தடவ ஆரம்பித்ததும் பலர் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் தூங்கியே போவார்கள்.

கத்தி பிடிக்கும் அந்த வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் டம்ளரைத் தூக்கும்போது சுண்டுவிரலில் ஒரு துடிப்பு. பிறகு சட்டைப் பொத்தான் போடும்போது. டாக்டர் விரல்களை நீட்டச் சொன்னார், சுருள் சுருளாகக் கோடு போடச் சொன்னார், நடக்கச் சொன்னார். பயப்படுகிற வியாதி இல்லை, சில குடும்பங்களில் வரும் சாதாரண நடுக்கம், கூடலாம், கூடாமல் அப்படியே நிற்கவும் செய்யலாம் என்றார். மாத்திரை கொடுத்தார். கைக்குப் பயிற்சி செய்யச் சொன்னார்.

கையின் ஓரத்தை எதன் மேலாவது ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கிவிடும். கத்தி காற்றில் வந்து கன்னத்தைத் தொடும்வரை உள்ள சின்ன தூரத்தில்தான் தொல்லை. மாமாவின் கவலை வலியைப் பற்றியது அல்ல, வயதைப் பற்றியதும் அல்ல. கழுத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறவர்கள் இதைக் கேள்விப்பட்டால் அடுத்த வாரம் வருவார்களா என்பதுதான். அத்தையைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை.

டாக்டர் சொன்ன பயிற்சிகளை மாமா ஃபோனில் தேடிப் பார்த்தார். எல்லாரும் வீடியோ பார்க்கும் அந்தப் பெரிய தளத்தில் வேண்டியது எல்லாம் இருந்தது. மணிக்கட்டில் கனம் கட்டிக்கொள்வது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைப்பது, நடுங்கும் கையோடு சமையல் கத்தியைப் பிடிப்பது. அவருக்குத் தெரியாதது, கடை டி.வி.யிலும் அந்தத் தளத்தில் உள்ள அவருடைய கணக்குதான் போட்டிருந்தது, ஃபோனில் தேடியது அங்கேயும் வரும் என்பது. வாங்கிய அன்று மாட்டிக் கொடுத்தவர் அப்படிச் செய்துவிட்டுப் போயிருந்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் கூட்டாளி ரேடியோ, பாட்டுப் போடலாம் என்று டி.வி.யைத் திறந்தார். வரிசையாக வந்து நின்றன: கை ஏன் நடுங்குகிறது, நடுங்கும் கையால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க எளிய வழி, நடுக்கம் குறைய வீட்டிலேயே பயிற்சி. கண்ணாடியில் எல்லாம் புரண்ட எழுத்து. பெஞ்சில் இருந்தவர்கள் டி.வி.க்கு முதுகு காட்டி, குனிந்து அவரவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மாமாவின் நாற்காலியில் இருந்தவர் ரப்பர் முத்திரை செய்கிறவர். நாள் முழுக்க எழுத்தைப் புரட்டிப் போட்டே பார்க்கிறவருக்குக் கண்ணாடியில் தெரிவதுதான் நேரான எழுத்து.

"யாருக்குண்ணே கை நடுங்குது?" என்றார் நுரைக்குள்ளிருந்து.

"அசையாதீங்க."

"இல்ல, வரிசையா அதையே காட்டுதே, அதான் கேட்டேன்."

"பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. என் ஃபோனைத்தான் வாங்கிப் பாத்துட்டிருந்தாரு."

ரேடியோ திரும்பினார். "பக்கத்து வீட்ல ஏதுண்ணே பெரியவரு? அங்க காலேஜ் பசங்கதானே நாலு பேரு இருக்கானுங்க?"

"நீ மொதல்ல ரிமோட்ட எடுத்து மாத்துடா. வாய மட்டும் வெச்சுக்கிட்டு..."

அன்று அது அதோடு போயிற்று. மாமா டி.வி.யிலிருந்து தன் கணக்கை எடுத்துவிட்டார். ஃபோனில் பார்த்ததையெல்லாம் அழித்தார். ஆனாலும் செய்தி படிக்கப் போனால் ஓரத்தில் நடுக்கத்துக்கு எண்ணெய் விற்றார்கள். வானிலை பார்க்கப் போனால் கைப்பட்டி விற்றார்கள். பயந்துபோய்ப் பயிற்சி பார்ப்பதையே விட்டார். நடுக்கம் கூடியது.

நான் பள்ளி முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். ஒரு மத்தியானம், கடைத் துண்டுகளை அத்தை மடித்துக்கொண்டிருந்தபோது மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒரு சிநேகிதனுக்காகக் கேக்கறேன். ஒரு வீடியோவ பாக்கணும். ஆனா பாத்தது யாருக்கும் தெரியக் கூடாது. வழி இருக்கா?"

அத்தை துண்டை உதறினாள். "சிநேகிதனாம் சிநேகிதன்! ஐயோ, அந்தப் பொண்ணு வேற எதையாவது நெனச்சுக்கப் போகுது. விஷயத்த சொல்லுங்க."

மாமா கையை நீட்டிக் காட்டினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

மாற்று முகப்பு என்று ஒன்று இருப்பதை நான் அவருக்குச் சொன்னது இப்படித்தான். அந்தப் பெரிய தளம் ஒரு பெரிய கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிறவர் யார், எதை எடுத்துப் பார்த்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று எல்லாவற்றையும் அது குறித்துவைக்கும். பக்கத்தில் வேறொருவர் சின்னதாக ஒரு வாசல் வைத்திருக்கிறார். வேண்டியதை அவரிடம் சொன்னால், அவர் பெரிய கடைக்குள் போய் எடுத்துவந்து கொடுப்பார். பெரிய கடைக்குத் தெரிவது அவர் முகம்தான், உங்கள் முகம் இல்லை. இதற்கான கணினி நிரலைச் சிலர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே மாதிரி வாசல்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நடத்துவது வேறு வேறு ஆள்.

"அப்ப பெரிய கடைக்கு என்னைத் தெரியாது."

"தெரியாது மாமா."

"எடுத்துட்டு வந்து குடுக்கறவனுக்கு?"

"அவருக்குத் தெரிய வாய்ப்பிருக்கு."

"அப்ப அவன் யாரு?"

எது வேகமாகத் திறக்கும் என்று எனக்குத் தெரியும். எதில் படம் தெளிவாக வரும் என்று தெரியும். அவன் யார் என்று நான் எதைப் பற்றியும் கேட்டதில்லை.

கடை மூடியிருக்கும் மத்தியானங்களில் நாங்கள் ஒவ்வொரு வாசலாகப் பார்த்தோம். முதலாவது அழகாக இருந்தது. கதவளவு பெரிய பூட்டுப் படம், அதன் கீழே நூறு சதவீதம் ரகசியம் என்று எழுதியிருந்தது. யார் நடத்துகிறார்கள் என்று எங்கு தேடியும் இல்லை. உங்கள் விருப்பப் பட்டியலைக் கொண்டுவர, பெரிய தளத்தில் உள்ள கணக்கின் கடவுச்சொல்லை இங்கே போடுங்கள் என்று ஒரு பெட்டி மட்டும் இருந்தது.

"பேரச் சொல்லக் கூடாதுன்னுதானே இங்க வந்தோம்? வாசல்லயே நின்னு பேரக் கேக்கறான்" என்றார் மாமா. அதை மூடிவிட்டோம்.

இன்னொன்றில் பெட்டி எதுவும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆனால் நான் தோண்டிப் பார்த்தபோது படம் மட்டும் பெரிய தளத்திலிருந்தே நேராக ஃபோனுக்கு வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் ஃபோன் இருக்கும் இடம் பெரிய தளத்துக்குத் தெரியும். இதை மாமாவுக்கு விளக்கினேன்.

"அப்ப இவன் வெறும் போர்டு. உள்ள கடை அவனுது" என்றார்.

ஒன்று பழைய நிரலையே மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. பராமரிக்க ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. ஒன்றை ஏதோ நிறுவனம் நடத்துவதாகப் போட்டிருந்தது, அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று தேடினால் விளம்பர வியாபாரம். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிக்குக் காவல் வைக்க நரியத் தேடறீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியாகப் பார்த்ததன் பெயர் தூகா. நிரலை எழுதியவர்கள் தாங்களே வைத்திருக்கும் பட்டியலில் அது இருந்தது. பார்க்க ஒன்றுமே இல்லாத பக்கம். வேற்று மொழியில் எழுதியிருந்ததை ஃபோனே தமிழாக்கிக் காட்டியது: இதை நடத்துவது நான் ஒருவன். இயந்திரம் என் வீட்டில் இல்லை, இன்ன நாட்டில் வாடகைக்கு எடுத்தது. தாக்குதல் வந்தால் தெரிந்துகொள்ள, வந்துபோகிறவர்களின் இணைய முகவரியைச் சில நாள் வைத்திருந்து அழிக்கிறேன். நிரலில் நான் செய்த மாற்றங்கள் இங்கே இருக்கின்றன. சில நாள் பெரிய தளம் என்னைத் தடுத்துவிடும், அன்று எதுவும் ஓடாது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதுபோல இன்னும் எழுதி, கீழே மின்னஞ்சல் முகவரியும் கொடுத்திருந்தார்.

"எழுதிக் கேளு" என்றார் மாமா. "நாங்க எதப் பாக்கறோம்னு உங்களால பாக்க முடியுமான்னு கேளு. அது போதும்."

கேட்டேன். பதில் வந்தது. "பார்க்க முடியும். பார்ப்பதில்லை. பார்க்கவில்லை என்பதை உங்களுக்கு நிரூபிக்க என்னிடம் வழி இல்லை. நம்பிக்கை வரவில்லையென்றால் இதே நிரலை நீங்களே ஓட்டலாம், உதவி வேண்டுமானால் எழுதுங்கள்."

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "பாக்க முடியும்னு அவனே சொல்றான். அப்புறம் எப்படி நம்பறது?"

"முடியாதுன்னு சொல்லியிருந்தாத்தான் விட்டிருப்பேன்" என்றார் மாமா. "எங்கிட்ட ஒருத்தர் தலையக் குடுக்கறாரு. எங்க தழும்பு, எங்க சொட்டை, எது சாயம், எல்லாம் எனக்குத் தெரியும். தெரியலன்னு நான் சொன்னா அது புளுகு. தெரிஞ்சத வெளிய சொல்றேனா இல்லையா, அதுதான் பேச்சு."

அந்த வாசலை அவருடைய ஃபோனில் குறித்துவைத்துக் கொடுத்தேன். எந்தக் காரணத்துக்காகவும் கடவுச்சொல்லைப் போடக் கூடாது, எந்தப் பெட்டி வந்தாலும் படிக்காமல் அழுத்தக் கூடாது என்று சொன்னேன். மாமா மறுபடி பயிற்சி செய்ய ஆரம்பித்தார். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்புவார். தலையணையை முகமாக வைத்துக்கொண்டு, முதலில் சுண்டுவிரலைக் கன்னத்து எலும்பில் ஊன்றி, அது அடங்கிய பிறகு கத்தியை இறக்கிப் பார்ப்பார். கத்திக்குப் பதில் சீப்பு. "தலகாணிக்கு மீசை வெச்சு விட்றாதீங்க" என்பாள் அத்தை. நடுக்கம் போய்விடவில்லை. ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கிடைத்திருந்தது.

அப்படியே கொஞ்ச காலம் போனது. பிறகு ஒரு நாள் அவருடைய ஃபோன் அத்தையிடம் இருந்தது. மத்தியானம் கடையில் தனியாக இருந்த மாமா, டி.வி.யில் பாட்டுப் போடுவதற்காக வைத்திருக்கும் கடை ஃபோனை எடுத்தார். தூகா என்ற பெயர் வாயில் நன்றாகப் பதிந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தட்டினார்.

தப்பு அங்கேதான் நடந்தது. கங்காரு என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்துக்கும் மூன்றாம் எழுத்துக்கும் ஒலி வேறு, நமக்கு எழுத்து ஒன்றுதான். தூகாவில் வரும் கா-வைக் கங்காருவின் நடுவில் வருவதுபோல் மெலிதாகச் சொல்ல வேண்டும். மாமா முதலில் வருவதுபோல் வலிதாக எடுத்து, g வர வேண்டிய இடத்தில் k போட்டுவிட்டார். தமிழில் எழுதிப் பார்த்தால் அதில் பிழையே இல்லை. இப்படித் தவறித் தட்டுகிறவர்களுக்காகவே யாரோ அந்தப் பெயரையும் வாங்கி வைத்திருந்தார்கள். அதே நிறம், அதே தேடல் பெட்டி. தொடர்வதற்கு அனுமதி என்பதை அழுத்துங்கள் என்று மேலே ஒரு வரி வந்தது. தூகாகாரர் ஏதோ புதிதாக வைத்திருக்கிறார் என்று மாமா அழுத்தினார். கை நடுக்கம் என்று தேடினார். வீடியோ நன்றாகவே ஓடியது.

மறுநாள் விடுமுறை. கடையில் கூட்டம். மாமாவின் நாற்காலியில் முத்திரை செய்கிறவர், ஒரு கன்னம் முடிந்து மறு கன்னம் நுரையோடு. ரேடியோவின் நாற்காலியில் ஒரு தலை, பெஞ்சில் மூன்று பேர். கடை ஃபோனின் திரையே டி.வி.யில் தெரிய, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அனுமதி வாங்கிய பக்கம் அந்த ஃபோனுக்கு அனுப்பிய விளம்பரப் படம் ஒன்று பாட்டின் மேல் இறங்கி வந்தது. கோப்பையைப் பிடித்த ஒரு கை நடுங்க நடுங்கத் தேநீர் சிந்துகிறது. பக்கத்தில் இரண்டு வரி எழுத்து. அது போனதும் அதேபோல் இன்னொன்று. எழுத்து கண்ணாடியில் புரண்டிருந்தது. சிந்துகிற தேநீருக்கு இடம் வலம் கிடையாது.

"அண்ணே, பக்கத்து வீட்டுப் பெரியவரு திரும்ப வந்துட்டாரு!" என்றார் ரேடியோ. பெஞ்சில் சிரித்தார்கள்.

முத்திரை செய்கிறவர் சிரிக்கவில்லை. மூடியிருந்த கண்ணைத் திறந்து அவர் கண்ணாடியில் டி.வி.யைப் பார்த்தார், பிறகு மாமாவின் கையைப் பார்த்தார். கை காற்றில் இருந்தது, கத்தியோடு.

மாமா கத்தியை மடித்து மேசையில் வைத்தார்.

"பெரியவரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. கை என்னுதுதான். ரொம்ப நாளாவே நடுங்குது. டாக்டரப் பாத்துட்டேன். உங்க கன்னத்துல விரல ஊனினா நின்னுடும். நிக்காம கத்திய வெச்சதில்ல, இந்தப் பக்கமும் அப்படித்தான் முடிச்சேன். மிச்சத்த நான் பண்ணவா, ரேடியோ பண்ணட்டுமா? நீங்களே சொல்லுங்க."

பெஞ்சில் இருந்த ஒருவர் ஃபோன் வந்ததுபோல் எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை.

"எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் முத்திரை செய்கிறவர்.

"சொன்னா உக்காந்திருப்பீங்களா?"

அவர் பாதி முகத்தோடு ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார்.

"இவனா? இவன் பேச்ச நிறுத்தறதுக்குள்ள என் காது கீழ கெடக்கும். நீங்களே பண்ணுங்க. ஆனா ஒண்ணு, நான் கண்ண மூட மாட்டேன்."

"மூடாதீங்க" என்றார் மாமா.

செய்தி தெரு முழுக்கப் பரவ ரேடியோ ஒருவர் போதுமே. சவரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். சிலர் முடிவெட்ட மட்டும் வந்து, தாடியைத் தடவிக்கொண்டே, "இது வளரட்டும்ணே, இப்ப இதுதான் ஃபேஷன்" என்றார்கள். மாமாவின் முகத்துக்கு நேராக யாரும் எதுவும் கேட்கவில்லை. ரேடியோ இப்போது நீளக் கத்தி பழகிக்கொண்டிருக்கிறார், வாயில் சீப்பைக் கடித்துக்கொண்டு. அப்போதுதான் பேச்சு நிற்கிறது.

நான் கடை ஃபோனிலிருந்து அந்த அனுமதியை எடுத்துவிட்டேன். சரியான தூகாவை அதிலும் குறித்துவைத்தேன். அப்போது அத்தை கேட்டாள்.

"ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னும் எதுக்குச் சுத்திச் சுத்தி அந்தச் சின்ன வாசல்ல போய் நிக்கறீங்க? நேரா பெரிய கடையிலயே பாக்க வேண்டியதுதானே?"

"ஊருக்குச் சொன்னது நான்" என்றார் மாமா. "டி.வி.ய யாரு சொல்லச் சொன்னா?"

"வித்தியாசம் என்ன?"

"நான் சொன்னப்ப, நடுக்கம் எங்க நிக்கும்னும் சேத்துச் சொன்னேன். அது அந்த டீ கொட்டறத மட்டும்தானே காட்டுச்சு?"

அத்தை துண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முத்திரை செய்கிறவர் வாரம் தவறாமல் வருகிறார். சொன்னபடியே கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறார். கத்தி கன்னத்தை விட்டுக் கழுத்துக்கு இறங்கும் இடத்தில் மாமா நிறுத்துகிறார்.

"வைக்கட்டுமா?"

"வைங்க."

அவர் சொன்ன பிறகுதான் வைக்கிறார்.